கசவு யார் வீட்டு உடை?

ஓணத்துக்கு ஒரு தடவை, நவம்பர் 1 கேரளப் பிறவி நாளுக்கு ஒரு தடவை. வருஷத்தில் இந்த இரண்டு தடவையும் திருவனந்தபுரம் முழுக்க வெள்ளையும் தங்கக் கரையுமாக மாறிவிடும். தலைமைச் செயலகத்திலிருந்து எங்கள் வங்கிக் கிளை வரை, பெண்கள் கசவுச் சேலையோ செட்டு முண்டோ கட்டி வருவார்கள். ஆண்களுக்குக் கரை வைத்த முண்டு. (வருஷம் முழுக்க பேண்ட் போடும் எங்கள் கேஷியர்கூட அன்றைக்கு முண்டில் வந்து, மடித்துக் கட்டுவதா இறக்கிவிடுவதா என்று நாள் பூராவும் தவித்துக்கொண்டிருப்பார்!)

அந்தச் சமயத்தில்தான் இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு பேச்சு கிளம்பும். பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வரும், குழந்தைகள் கேரள உடையில் வர வேண்டும் என்று. ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே மாதிரி சேலை எடுக்கப் பணம் வசூலிப்பார்கள். "நம்ம பிள்ளைங்க எதுக்குங்க அவங்க டிரஸ்ஸைப் போடணும்? நமக்குக் கண்டாங்கி இல்லையா, சுங்குடி இல்லையா, பட்டுப்பாவாடை இல்லையா?" என்று ஒரு கட்சி. "பிழைக்க வந்த ஊர்ல அந்த ஊர் மாதிரி இருந்துட்டுப் போறது, இதுல என்ன கௌரவம் வேண்டிக்கிடக்கு?" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரே அபார்ட்மென்டில், சில சமயம் ஒரே வீட்டில் இருக்கும் :-)

இது கேரளத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் நண்பர்களுக்கு ஜூலை 21 இன நல்லிணக்க நாள் தெரியும். 1964-ல் நடந்த இனக் கலவரத்தை நினைவில் வைத்து, 1997-லிருந்து பள்ளிகளில் அனுசரிக்கிறார்கள். பிள்ளைகள் அவரவர் பாரம்பரிய உடையில் போவார்கள். "நம்ம உடை எது, எதைக் கட்டி அனுப்புவது?" என்று அங்கேயும் முதல் நாள் ராத்திரி தமிழ் அம்மாக்கள் பீரோவைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

மேலே சொன்ன இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. கசவு "அவங்களுடையது" என்பதுதான் அது. என்னைக் கேட்டால், வாதம் அங்கேதான் தடம் மாறுகிறது. ஒரு உடையைப் பார்த்து "இது யாருடையது?" என்று கேட்பதால் பெரிய பிரயோஜனம் இல்லை. அதற்குப் பதில் இரண்டு கேள்வி கேட்கலாம். இதை நெய்தது யார்? இதை உடுத்தக்கூடாது என்று யாரைத் தடுத்தார்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் நவம்பர் 1 அன்று பெண்ணுக்கு எதைக் கட்டிவிடுவது என்பது சின்ன விஷயமாகிவிடும்.

முதல் கேள்வி. நெய்தது யார்?

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் ரோட்டில் கரமனை, நேமம், பள்ளிச்சல் தாண்டினால் சுமார் 15 கிலோமீட்டரில் பாலராமபுரம். ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் நம்மில் பலர் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த இடம்தான். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராம வர்மாவின் பெயரில் அமைந்த ஊர். அந்தக் காலத்தில் திவானாக இருந்த உம்மிணித் தம்பி இங்கே கைத்தொழிலுக்கென்று ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார் என்பது வரலாறு. அரண்மனைக்குத் துணி நெய்ய அழைத்துவரப்பட்டவர்கள் சாலியர்கள். எங்கிருந்து? இன்றைய நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து. தமிழ் பேசும் நெசவாளர்கள்.

ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று அவர்கள் குடியேறிய தெருக்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டுக்குள் தமிழ் பேசும் குடும்பங்கள் இன்னும் உண்டு. 200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாமெல்லாம் டிரான்ஸ்பரில் வந்து மூன்று வருஷம் ஆனதும் ஊருக்குத் திரும்ப மனு எழுதும் ஜாதி. அவர்கள் டிரான்ஸ்பர் ஆர்டர் இல்லாமலேயே வந்து இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டவர்கள்.

பாலராமபுரத்துத் துணிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. அங்கே பழைய குழித்தறியில், நாடாவைக் கையாலேயே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் எறிந்து நெய்வார்கள். கயிற்றை இழுத்தால் நாடா தானே பறக்கும் தறி பிற்பாடு வந்தது. அதில் வேகம் அதிகம். கையால் எறியும்போது வேகம் குறைவு, ஆனால் துணியின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். எது உள்பக்கம் எது வெளிப்பக்கம் என்று சட்டென்று சொல்ல முடியாது. பாவுக்குக் கஞ்சி போட்டு, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, இழை இழையாகப் பிரித்துக் காயவைப்பார்கள். நம்ம ஊர் நெசவுத் தெருக்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதுசாக இருக்காது.

கசவு என்றால் ஜரிகை. அசல் கசவு, மெல்லிய வெள்ளி இழையைப் பட்டு நூல் மேல் சுற்றித் தங்கம் பூசியது. சூரத்திலிருந்து வருவது. ஆக, "நூறு சதவீதம் கேரளப் பாரம்பரியம்" என்று நாம் சொல்லும் அந்தச் சேலையில் கரைக்கு குஜராத், கைக்குத் தமிழ்நாடு. 2009-ல் "பாலராமபுரம் சேலைகளும் நேர்த்தியான பருத்தித் துணிகளும்" என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது.

பாலராமபுரம் மட்டும்தான் இப்படியா? திருச்சூர் மாவட்டத்தில் பாரதப்புழை ஓரம் இருக்கும் குத்தாம்புள்ளியைப் பாருங்கள். அங்கே நெய்பவர்கள் தேவாங்கர்கள். மைசூர்ப் பக்கமிருந்து கொச்சி ராஜாக்கள் அழைத்துவந்தவர்கள். எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்திலும் தேவாங்கச் செட்டியார்கள்தான் நெசவைக் கொண்டுவந்தார்கள், பாலியம் குடும்பத்தின் ஆதரவில். கேரளத்துக் கசவுக்குப் பேர்போன மூன்று ஊரிலும் தறி வெளியிலிருந்து வந்திருக்கிறது.

உடனே "பாத்தீங்களா, கசவு தமிழனோடது!" என்று யாரும் கொடி பிடித்துக் கிளம்ப வேண்டாம். அதுவும் அதே தப்பான கேள்விக்கு இன்னொரு தப்பான பதில்தான். நம்ம பக்கம் சேலை என்றால் உடம்பில் ஒரு நிறம், கரையில் ஒரு நிறம், முந்தானையில் தோப்பும் துரவும் மயிலும் அன்னமும் வேண்டும். இங்கே சாயம் ஏற்றாத பழுப்பு வெள்ளை, ஓரத்தில் ஒரே ஒரு கோடு. அவ்வளவுதான். மிச்சத்தை வெள்ளையே பார்த்துக்கொள்ளும். முண்டும் நேரியதும் என்ற இரண்டு துண்டு உடை இந்த மண்ணின் ரசனை. அந்த ரசனைக்குத் தன் கையைக் கொடுத்தது வந்தேறிய நெசவாளி. கட்டுகிறவள் ஒரு பக்கம், நெய்கிறவன் ஒரு பக்கம். இரண்டு பேர் இல்லாமல் கசவு இல்லை.

நகையும் இப்படித்தான். எங்கள் கிளையில் நகைக்கடன் கவுன்டர் பக்கம் போனால் மலையாள தேசத்து நகை வகை அத்தனையும் பார்க்கலாம். பச்சைக்கல் வைத்த பாலக்கா மாலை, நாகப்படம், மாங்காமாலை, காசுமாலை. கடைசி இரண்டும் நம்ம பாட்டிமார் கழுத்தில் கிடந்தவைதான். பெயர்கூட மாறவில்லை. தராசுக்கும் உரைகல்லுக்கும் அது எந்த மாநிலத்து நகை என்று தெரியாது :-)

மோகினியாட்டம் பார்த்திருப்பீர்கள். வெள்ளை உடை, தங்கக் கரை, தலைச்சாமான், சிவப்புக் கல் வைத்த மாலை. பார்த்ததும் கேரளம் என்று சொல்லிவிடுவோம். பரதநாட்டியத்துக்கும் மோகினியாட்டத்துக்கும் அந்தச் சிவப்புக் கல் நகைகளைப் பரம்பரையாகச் செய்கிற ஊர் நாகர்கோவில் வடசேரி. கோயிலில் சாமிக்குச் செய்த நகையைப் பார்த்து ஆட்டக்காரிக்கும் செய்ய ஆரம்பித்தது. அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. மேடையில் இரண்டு மாநிலத்து நடனம், பட்டறை ஒன்றே.

கொஞ்சம் வெளியே போய்ப் பார்ப்போம். கரீபியன் தீவுகளில் மார்ட்டினிக், குவாடலூப், செயின்ட் லூசியா என்று சில தீவுகள். அங்கே பெண்களின் பாரம்பரிய உடையில் கட்டம் போட்ட பருத்தித் துணி ஒன்று உண்டு. பாவாடையாகவும் தைப்பார்கள், தலையிலும் கட்டுவார்கள். அந்தத் துணியின் பெயர் "மெட்ராஸ்". ஐரோப்பியக் கம்பெனிகள் நம்ம சோழமண்டலக் கரையில் நெய்ததைக் கப்பலேற்றி விற்ற சரக்கு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் போனது. நைஜீரியாவில் கலபாரி என்ற மக்கள் அதை "இஞ்சிரி" என்பார்கள். பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்தத் துணி வேண்டும். அவர்களிடம் போய் "இது எங்க தாத்தா நெய்த கைலித் துணி" என்று சொன்னால் சிரித்துவிட்டு, "இது எங்க கொள்ளுப்பாட்டியின் பெட்டியில் இருந்தது" என்பார்கள். இரண்டும் உண்மை.

பளிச்சென்ற பெரிய பெரிய பூப்போட்ட "ஆப்பிரிக்க உடை" இருக்கிறதே, அது ஜாவாத் தீவின் பாத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் இயந்திரத்தில் அச்சடிக்க ஆரம்பித்தது. ஜாவாவை விட ஆப்பிரிக்காவில் நன்றாக விற்றது. நெதர்லாந்தின் ஹெல்மோண்டில் 1846-ல் தொடங்கிய கம்பெனி இன்னும் அதைச் செய்கிறது.

ஸ்காட்லாந்துக்காரர்களின் கட்டம் போட்ட கில்ட் கதை இன்னும் வேடிக்கை. 1745-ல் நடந்த கலகத்துக்குப் பிறகு, மலைநாட்டு ஆண்கள் அதை உடுத்தக்கூடாது என்று 1746-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டது. 1782-ல் சட்டத்தை எடுத்தார்கள். 1822-ல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னர் தாமே அதை உடுத்திக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் அது தேசிய உடை! குற்றவாளியின் உடை ராஜாவின் உடையாக ஆவதற்கு முக்கால் நூற்றாண்டுதான் ஆகியிருக்கிறது.

நிற்க. தடை என்று வந்துவிட்டதால் இரண்டாவது கேள்விக்குப் போகலாம். கசவு பற்றிப் பேசும்போது யாரும் தொடாத பக்கம் இதுதான்.

பாலராமபுரத்தில் அரண்மனைக்கு நேர்த்தியான நேரியது நெய்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே ரோட்டில் தெற்கே போனால் வருகிற கல்குளம், இரணியல் பகுதிகளில் நாடார் பெண்கள் தோளை மறைத்துத் துணி போட்டதற்காக அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். தோள்சீலைப் போராட்டம். மார்பை மறைக்காமல் நிற்பதுதான் மேல்சாதிக்காரர்களுக்குக் காட்டும் மரியாதை என்பது அன்றைய திருவிதாங்கூர் வழக்கம். கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்தபோது, கிறிஸ்தவர்களான நாடார் பெண்கள் குப்பாயம் என்கிற ரவிக்கை போடலாம் என்று அனுமதி வந்தது. ஆனால் அவர்கள் தோளில் சீலையும் போட்டார்கள். 1822-ல் கலவரம். 1829 பிப்ரவரி 3-ம் தேதி ராணி கௌரி பார்வதி பாயின் அரசு, குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பெண்கள் போல மேலாடை போடக்கூடாது என்று பிரகடனம் செய்தது. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் பெரும் கலவரம். கடைத்தெருவில் பெண்களின் மேலாடையைக் கிழித்தார்கள், வீடுகளை எரித்தார்கள். சென்னை கவர்னர் சார்லஸ் ட்ரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ல் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா எல்லா நாடார் பெண்களும் மேலே உடுத்தலாம் என்று பிரகடனம் வெளியிட்டார்.

அந்தப் பிரகடனத்திலும் ஒரு கொக்கி இருந்தது. குப்பாயம் போடலாம், அல்லது மீனவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல மட்டும் கூடாது. முரட்டுத் துணி! நெய்வதற்கு நேர்த்தியான துணி பக்கத்திலேயே இருந்தது. உடுத்த அனுமதி முரட்டுத் துணிக்குத்தான். துணியின் நயத்தைக்கூட ராஜாங்கம் அளந்து கொடுத்த காலம் அது.

இந்தக் கல்குளமும் இரணியலும் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். அது தமிழ்நாட்டோடு சேர்ந்த தேதி 1956 நவம்பர் 1. கேரளம் பிறந்ததும் அதே 1956 நவம்பர் 1. நாம் "அவங்க டிரஸ்" என்று பிரித்துப் பேசும் அந்த நாளில்தான் கோடு கிழிக்கப்பட்டது. அதற்கு முன்னால் அந்தப் பெண்களும் இந்தத் தறிகளும் ஒரே ராஜ்ஜியம். 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200-வது ஆண்டு விழா நடந்தபோது தமிழ்நாட்டு முதல்வர் மு.க.ஸ்டாலினும் கேரள முதல்வர் பினராயி விஜயனும் ஒரே மேடையில் இருந்தார்கள். அது பொருத்தமான காரியம்.

இன்னும் ஒன்று. வெள்ளையம்பலம் சந்திப்பில் அய்யன்காளி சிலையைத் தாண்டித்தான் நம்மில் பலர் தினமும் ஆபீஸ் போகிறோம். 1980-ல் இந்திரா காந்தி திறந்துவைத்த சிலை. வெங்ஙானூரில் 1863-ல் புலையர் குடும்பத்தில் பிறந்தவர் அய்யன்காளி. 1893-ல் ஒரு வில்வண்டி வாங்கி, வெள்ளை வேட்டியும் மேல்சட்டையும் தலைப்பாகையுமாக உட்கார்ந்து, தங்கள் ஆட்கள் நடக்கவே கூடாத பொது ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார். வண்டி பாதி போராட்டம், உடை பாதிப் போராட்டம். அதற்கடுத்த வருஷங்களில் பொதுவழியில் நடக்கும் உரிமைக்காக அவரும் கூட்டாளிகளும் இறங்கியபோது பெரிய மோதல் நடந்த இடங்களில் ஒன்று பாலராமபுரத்துச் சாலியர் தெரு. சரித்திரத்தில் அதற்குச் சாலியர் தெருக் கலவரம் என்றே பெயர். ஆமாம், கசவு நெய்த அதே தெரு. நெய்தவர்கள் பெருமையைச் சொன்னால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உடை மட்டுமா? நகையும்தான். புலையர் பெண்கள் கல்லும் மணியும் கோத்த மாலைகளைத்தான் கழுத்தில் போட வேண்டும். பொன்னும் வெள்ளியும் கூடாது. மார்பை மறைத்ததே அந்தக் கல்மாலைதான். இன்று ஒரு மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் "பழங்குடி ஆபரணம், என்ன அழகான வடிவமைப்பு!" என்று எழுதிவிடுவோம். போட்டவர்களுக்கு அது அடிமைச் சின்னம். அய்யன்காளி அதைக் கழற்றி எறியச் சொன்னார். 1915-ல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில் அதற்காகக் கலவரம். அதே வருஷ டிசம்பரில் கொல்லத்தில், சங்ஙனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை தலைமையில் நடந்த கூட்டத்தில், வந்திருந்த பெண்கள் கல்மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். ஒரு ஆபரணத்தைப் போடுவதற்கு நடந்த போராட்டம் உண்டு. போடாமல் இருப்பதற்கு நடந்த போராட்டம் இது.

இதையெல்லாம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிப்பார்களே என்று விட்டுவிடாதீர்கள். மத்திய பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் உடையின் சமூக வரலாறு என்று ஒரு பாடம் இருந்தது. தோள்சீலைப் போராட்டம் அதில் வந்தது. 2016 டிசம்பரில் சிபிஎஸ்இ, அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று சுற்றறிக்கை விட்டது. 2019-ல் என்சிஇஆர்டி அந்தப் பாடத்தையே புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டது. டிரான்ஸ்பர் வேலையில் இருக்கும் நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது அந்தப் பாடத்திட்டம்தான். அப்போ யார் சொல்லிக் கொடுப்பது? நாம்தான். கசவு கட்டிவிடும் நாளிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு கட்டாயம் என்ற வார்த்தையைக் கேட்டால் கொஞ்சம் உறுத்த வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலுக்கு நம்ம ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் முதல் பிரச்சினையே உடைதான். ஆண்கள் சட்டையைக் கழற்றி வேட்டியில் போக வேண்டும். சுடிதார் போட்ட பெண்கள் மேலே ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 2016 நவம்பர் கடைசியில் நிர்வாக அதிகாரி சுடிதாரோடே போகலாம் என்று உத்தரவு போட்டார். எதிர்ப்பு கிளம்பியது. டிசம்பரிலேயே கேரள உயர்நீதிமன்றம், அந்த முடிவை எடுக்க நிர்வாக அதிகாரிக்கு அதிகாரம் இல்லை, தந்திரியின் முடிவே செல்லும் என்று சொல்லிவிட்டது. பழையபடி முண்டு. இதற்கு நேர்மாறு சென்னையில். 2014 ஜூலையில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்கு வேட்டியில் போன உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டி கட்டியவர்களைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. ஒரு வாசலில் வேட்டி இருந்தால்தான் உள்ளே, இன்னொரு வாசலில் வேட்டி இருந்தால் வெளியே!

கோயிலுக்கு ஒரு வழக்கம் இருக்கலாம். அதை ஏற்றுக்கொண்டு போவது பக்தர் பாடு, மாற்ற வேண்டுமா என்பது கும்பிடுகிறவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. பள்ளிக்கூடம், ஆபீஸ், குடியிருப்போர் சங்கம் அப்படி இல்லை. அங்கே "எல்லோரும் இதைத்தான் கட்டி வர வேண்டும்" என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது என்பது என் கட்சி. கட்டி வாருங்கள், நன்றாக இருக்கும் என்று அழைக்கலாம். கட்டி வராதவளை ஓரமாக நிறுத்தி போட்டோ எடுக்கக்கூடாது. இது கேரளப் பிறவிக்கும் பொருந்தும், நம்ம சங்கங்கள் நடத்தும் பொங்கல் விழாவுக்கும் பொருந்தும். ஜீன்ஸ் போட்டு வந்த பெண்ணைப் பார்த்து "தமிழச்சி மாதிரியா இருக்கா?" என்று முணுமுணுக்கும் மாமாக்களும் மாமிகளும் மேலே சொன்ன 1829 பிரகடனத்தை ஒரு தடவை நினைத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக என் தொழில் சம்பந்தப்பட்ட கணக்கு. கட்டுவது எது, அவங்க உடையா நம்ம உடையா என்று சண்டை போட்டுக்கொண்டே நாம் கடைக்குப் போய் வாங்குவது பெரும்பாலும் விசைத்தறித் துணி. பெயர் மட்டும் "கேரளா கசவு". பி.காம். முதல் வருஷத்தில் படித்த விலைக்கணக்கை இதில் போட்டுப் பாருங்கள். நூல் விலை இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கைத்தறிக்காரருக்கு ஒரு சேலைக்குச் சில நாள் உழைப்பு, பாவு ஓட்ட வீட்டுப் பெண்களின் உழைப்பு தனி. விசைத்தறியில் அது சில மணி நேரம். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே பெயரில் இருந்தால் வாங்குகிறவர் விலை குறைந்ததை எடுப்பார். அவர் மேல் தப்பில்லை. பெயரைத் திருடியவர் மேல்தான் தப்பு.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள். அவர்களில் நான்கில் மூன்று பேருக்குச் சற்றுக் குறைவானோர் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. இந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தக் கடன் விண்ணப்பத்தையும் நான் சுலபமாகப் பாஸ் பண்ண முடியாது. நெசவாளர் முத்ரா என்று 6 சதவீத வட்டியில் கடன் திட்டம் உண்டு, நல்ல திட்டம்தான். ஆனால் விற்காத சரக்குக்குக் கடன் கொடுத்தால் அது இன்னொரு கடன், அவ்வளவுதான். நெசவாளிக்கு முதலில் வேண்டியது நியாயமான விலையில் வாங்க ஆள். கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கைத்தறிச் சீருடை கொடுக்க ஆரம்பித்த பிறகு பல தறிகளுக்கு வருஷம் முழுக்க வேலை கிடைத்தது. காரணம் எளிது, வாங்க ஆள் இருந்தார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சேந்தமங்கலத்தில் ஓணத்துக்கென்று நெய்து வைத்திருந்த துணியெல்லாம் சேற்றில் போனபோது, அந்தக் கறைபட்ட துணியில் "சேக்குட்டி" என்ற சின்னப் பொம்மைகளைச் செய்து விற்றார்கள். உலகம் முழுக்க வாங்கினார்கள். அழுக்கான துணிக்கே ஆள் கிடைக்கும்போது நல்ல துணிக்குக் கிடைக்காதா?

ஆகவே மக்களே, நவம்பர் 1 வந்தால் மனமிருந்தால் கசவு கட்டுங்கள், இல்லையென்றால் சுங்குடி கட்டுங்கள், இரண்டும் இல்லையென்றால் சுடிதாரில் போங்கள். தமிழ் அதனால் தேயாது. கட்டுவதாக இருந்தால் கைத்தறியாக வாங்குங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும் வழியில் பாலராமபுரத்தில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். பிள்ளைகளுக்குத் தறிச் சத்தத்தைக் கேட்கவையுங்கள். அந்தத் தெருவில் நெய்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்லுங்கள். அதே தெருவில் யாரை மறித்தார்கள் என்றும் சொல்லுங்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு கட்டுகிற பெண்ணைப் பார்த்து "இது உன் உடை இல்லை" என்று சொல்ல இரண்டு மாநிலத்திலும் ஆள் கிடையாது.

பி.கு.: கடையில் "கைத்தறி" என்று சொன்னால் மட்டும் போதாது, 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஊரில் ஹான்டெக்ஸ் கூட்டுறவுக் கடைகள் இருக்கின்றன. பாலராமபுரத்துத் துணி என்று சொல்லிக் கொடுத்தால் விரித்து இரண்டு பக்கமும் பாருங்கள். எது உள்பக்கம் என்று உங்களுக்கும் குழம்பினால், பெரும்பாலும் நல்ல சரக்குதான்!